99 வீட்டோடு நின்றுவிடும் நியூயார்க் கட்டடங்கள்

நியூயார்க்கில் வாடகைக் குடியிருப்பு கட்டுகிறவர்களுக்கு இப்போது ராசியான எண் 99. அதைவிடப் பெரிய கட்டடம் எழுப்ப இடமுள்ள மனைகளில்கூட 99 வீட்டுக்குத்தான் அனுமதி கேட்டு விண்ணப்பம் போகிறது. 100-ஐத் தொட்டால் கட்டுமானத் தொழிலாளிக்குக் கூலியும் சலுகைகளுமாக 2024 அளவில் மணிக்குக் குறைந்தது 40 டாலர் தந்தாக வேண்டும். 99 வரை அந்த நிபந்தனை இல்லை.

இந்தக் கோட்டைப் போட்டது 2024 ஏப்ரலில் மாநில பட்ஜெட்டோடு நிறைவேறிய சொத்து வரி விலக்குச் சட்டம். 485-எக்ஸ் என்பது அதன் பெயர். 6 முதல் 99 வீடு வரை உள்ள கட்டடத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கினால் போதும். முதல் 25 ஆண்டுகளுக்கு முழு விலக்கு, அடுத்த 10 ஆண்டுகளுக்கு ஒரு பகுதி விலக்கு.

இவ்வளவு பெரிய சலுகை எதற்கு? காரணம் அந்த ஊரின் வரிக் கணக்கிலேயே இருக்கிறது. மூன்று குடும்பம் வரை வசிக்கும் வீடு என்றால் மாநகராட்சி கணிக்கும் சந்தை மதிப்பில் 6 சதவீதத்துக்கு மட்டுமே வரி. அடுக்குமாடி வாடகைக் கட்டடத்துக்கோ 45 சதவீதத்துக்கு வரி. 2023-24 விகிதப்படி, 10 லட்சம் டாலர் மதிப்புள்ள தனி வீட்டுக்காரர் கட்டுவது ஏறத்தாழ 12 ஆயிரம் டாலர். அதே மதிப்புக்கு அடுக்குமாடிக்காரர் கட்டுவது 56 ஆயிரம். அந்த 56 ஆயிரமும் கடைசியில் வாடகையில்தான் வந்து விழுகிறது. குடியிருப்பவர் கைக்கு வரி ரசீது வருவதில்லை என்பதால் அவர் கோபப்படுவதுமில்லை. 1981-ல் மாநிலச் சட்டம் வகுத்த பாகுபாடு இது. சொந்த வீட்டுக்காரர்களின் ஓட்டுக்குப் பயந்து எந்த ஆட்சியும் இதில் கைவைக்கவில்லை. புதுக் கட்டடம் வேண்டுமானால் விலக்கு தந்தே தீர வேண்டும் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

விலக்கின் கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது. மக்கள் நகரத்தை விட்டுப் புறநகருக்குப் போய்க்கொண்டிருந்த 1971-ல், யாராவது வீடு கட்டினால் சரி என்று வந்தது 421-ஏ என்ற பழைய விலக்குத் திட்டம். மலிவு வாடகை என்ற பேச்சே அதில் கிடையாது. 1980களில் ட்ரம்ப் டவருக்கு விலக்குத் தர நகர நிர்வாகம் மறுத்தபோது, ட்ரம்ப் நீதிமன்றம் போய் வாங்கிவந்தார். ஐந்தாவது அவென்யூவில் நிற்கும் சொகுசுக் கோபுரத்துக்கு ஏன் சலுகை என்று ஊர் கேட்ட பிறகுதான், மன்ஹாட்டனின் விலையேறிய பகுதிகளில் மலிவு வீட்டு நிபந்தனை நுழைந்தது. இந்தத் திட்டத்தால் நகரம் விட்டுக்கொடுத்த வரி கடைசியில் ஆண்டுக்கு சுமார் 177 கோடி டாலராக வளர்ந்தது. 2022 ஜூனில் அது காலாவதியானது.

மலிவு என்பது யாருக்கு மலிவு என்பதில்தான் சூட்சுமம். மத்திய அரசு அறிவிக்கும் வட்டார வருமான அளவுதான் இதற்கு அளவுகோல்; 2024-ல் மூன்று பேர் குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு 1,39,800 டாலர். நகரக் குடும்பங்களில் பாதி சம்பாதிப்பதோ ஆண்டுக்கு 80 ஆயிரத்தை ஒட்டித்தான். பழைய திட்டத்தின் கடைசி வடிவத்தில், அந்த வட்டார அளவில் 130 சதவீதம் வரை சம்பாதிப்பவர்களுக்கு ஒதுக்கினாலே விலக்கு கிடைத்தது. 2024 கணக்கில் அது 1,81,740 டாலர்! இதை மலிவு வீடு என்று அழைக்கத் தனித் துணிச்சல் வேண்டும். புதிய சட்டம் சிறிய கட்டடங்களுக்குச் சராசரியாக 80 சதவீதம் என்று அதை இறக்கியிருக்கிறது. மலிவு வீடுகள் விலக்குக் காலம் முடிந்தாலும் வாடகைக் கட்டுப்பாட்டிலேயே நீடிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பழையதைவிட இது மேல்தான்.

ஆனால் 6-க்கும் 45-க்கும் உள்ள இடைவெளியை அது தொடவில்லை. அந்தப் பாகுபாடே சட்டவிரோதம் என்று 2017-ல் தொடுக்கப்பட்ட வழக்கைக் கீழ் மேல்முறையீட்டு மன்றம் தள்ளுபடி செய்திருந்தது. வழக்கு தொடரலாம் என்று மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2024 மார்ச்சில். அடுத்த மாதமே புதிய விலக்குச் சட்டம் வந்தது.