வயலினுக்கு அது பழைய வீடு

நட்சத்திர ஓட்டலின் வரவேற்பறையிலும் விமானம் கிளம்பக் காத்திருக்கும் நேரத்திலும் ஒரு வகை இசை காதில் விழும். மேலே செல்லோவோ வயலினோ அவசரமில்லாமல் இழைந்துகொண்டிருக்கும். அடியில் மிஷின் தாளம் ‘டும்... டும்...’ என்று சீராக விழும். பாட்டு இருந்தாலும் வார்த்தை நாலு. ஹவுஸ் என்ற நடன இசையின் தாளத்தை நிதானப்படுத்தி, அதன்மேல் மேற்கத்தியச் செவ்வியல் கருவிகளை வாசிக்கும் இந்த வகைக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் டவுன்டெம்போ. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இரண்டு கட்சி. வயலினைக் கொண்டுபோய் டிஸ்கோவில் அடகு வைத்துவிட்டார்கள் என்பது செவ்வியல் ரசிகர்களின் புலம்பல். ஆடுகிற பாட்டுக்கு எதற்கு இந்தப் பெரிய மனுஷ வேஷம் என்பது நடனக்காரர்களின் கேள்வி. கம்பிக் கருவிகள் இந்த இசைக்குள் வெளியிலிருந்து வந்தவை என்றே இரு கட்சியும் நினைக்கின்றன. வரலாற்றைப் புரட்டினால் அது தவறு என்று தெரிகிறது.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் சிக்மா சவுண்ட் என்றொரு ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் கென்னி கேம்பிள், லியோன் ஹஃப் என்ற இரட்டையர் அங்கே சோல் பாடல்களைத் தயாரித்து வந்தார்கள். 1973இல் ஹெரால்ட் மெல்வின் குழுவுக்காக ‘தி லவ் ஐ லாஸ்ட்’ என்ற பாடல் பதிவானது. டிரம்ஸ் வாசித்த எர்ல் யங், நாலு எண்ணிக்கைக்கு நாலு முறையும் பெரிய டிரம்மை மிதித்தார். பிறகு டிஸ்கோவுக்கும் அதன் வாரிசான ஹவுஸுக்கும் முதுகெலும்பாகிவிட்ட தாளக்கட்டு இதுதான். இந்தப் பதிவிலிருந்தே அது பரவியது என்பது பெரும்பாலான இசை வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. அதே பாடலில் பாடகரின் வரிகளுக்குப் பதில் சொல்வது யார் என்று கவனித்தால், வயலின் கூட்டம்! எம்எஃப்எஸ்பி என்ற பெயரில் அந்தக் கூடத்தில் வாசித்துவந்த முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களில் டிரம்ஸ்காரரும் உண்டு, வில் பிடித்தவர்களும் உண்டு. தாளமும் தந்தியும் ஒரே கூரையின் கீழ் பிறந்தவை.

இந்த ஃபிலடெல்ஃபியா தட்டுகளைத்தான் 1977இல் நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்கு வந்த ஃப்ராங்கி நக்கிள்ஸ், ‘தி வேர்ஹவுஸ்’ என்ற நடன விடுதியில் சுழலவிட்டார். அந்தப் பெயரின் முன்பாதி உதிர்ந்து ஹவுஸ் என்று நின்றதாகச் சொல்வார்கள். அதே சிகாகோவில் 1979 ஜூலை 12 அன்று ஒரு பேஸ்பால் மைதானத்தில், டிஸ்கோ மீது வெறுப்பு கொண்ட கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். டிஸ்கோ மோகம் வடிந்ததும் இசை நிறுவனங்கள் கையைச் சுருக்கிக்கொண்டன. முப்பது பேருக்குச் சம்பளம் கொடுக்க ஆளில்லை. அடுத்து வந்த இளைஞர்களிடம் இருந்தவை ஒன்றிரண்டு கீபோர்டும் ரோலண்ட் கம்பெனியின் தாள மிஷினும்தான். வயலின் வெளியேறியது ரசனை மாறியதால் அல்ல, கையில் காசில்லாமல். ஆசை மட்டும் போகவில்லை. டெட்ராய்ட்காரரான டெரிக் மே 1987இல் வெளியிட்ட புகழ்பெற்ற துண்டின் பெயரே ‘ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்’. தலைப்பில் தந்தி உண்டு. வாசிப்பவர்கள் யாரும் இல்லை, எல்லாம் கீபோர்டிலிருந்து வந்த தந்தி ஒலி. 1991இல் பிரிஸ்டல் நகரத்து மாசிவ் அட்டாக் குழு ‘அன்ஃபினிஷ்டு சிம்ஃபனி’ என்ற செவ்வியல் படைப்பை நினைவூட்டும் தலைப்போடு ‘அன்ஃபினிஷ்டு சிம்பதி’யைச் செய்தது. முதலில் கீபோர்டு வயலினைத்தான் போட்டுப் பார்த்தார்கள், சப்பென்று இருந்தது. தங்கள் காரை விற்று, லண்டன் ஆபி ரோடு கூடத்தில் நிஜ இசைக்கலைஞர்களை உட்காரவைத்து, வில் மலோன் எழுதிய தந்திப் பகுதியைப் பதிவு செய்தார்கள். அதன் தாளம் ஹவுஸ் அல்ல, ஹிப்ஹாப் வழி வந்தது. ஆனாலும் நம் வாதத்துக்கு அந்தக் கார் நல்ல சாட்சி: பணமில்லாமல் போனது பணத்தோடு திரும்பியது.

சரி, திரும்பி வந்த பிறகு ஏன் நடை தளர்ந்தது? காரணம் வில்லில் இருக்கிறது. ஹவுஸ் இசை நிமிடத்துக்குச் சுமார் 120 அடி ஓடும். அடிக்கு அரை விநாடி. அதை நாலாகப் பிரித்தால் ஒவ்வொரு துணுக்குக்கும் விநாடியில் எட்டில் ஒரு பங்குதான். வில் தந்தியைப் பற்றி, ஒலி திரண்டு, தணிவதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். அந்த ஓட்டத்தில் வயலினுக்குக் கிடைப்பது இரண்டே வேலை: வெடுக்வெடுக்கென்று வெட்டுவது, அல்லது பின்னால் போர்வை மாதிரி விரிந்து கிடப்பது. வேகத்தை 90க்கு இறக்கினால் அடிக்கு விநாடியில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கிறது. விளம்ப காலத்தில்தான் கமகத்துக்கு இடமுண்டு என்பது கச்சேரி கேட்பவர்களுக்குத் தெரியும். கணக்கு இங்கும் அதேதான். மிஷினும் தன் பங்குக்கு வளைந்து கொடுக்கிறது. பெரிய டிரம் விழும் கணத்தில் தந்திகளின் ஒலியைத் தானாகத் தணித்து, உடனே மேலெழ விடும் ஒரு ஏற்பாடு உண்டு, சைட்செயின் என்பார்கள். அடிக்கு அடி ஒலி அமுங்கி எழும்போது மொத்த இசையும் மூச்சு விடுவதுபோலக் கேட்கிறது. ஐஸ்லாந்தின் ஓலவுர் அர்னால்ட்ஸும் ஃபாரோ தீவுகளின் யானுஸ் ராஸ்முசனும் கியாஸ்மோஸ் என்ற பெயரில் 2014இல் வெளியிட்ட ஆல்பத்தில் பியானோவும் தந்திகளும் மிஷின் தாளத்தோடு இப்படிச் சேர்ந்து மூச்சு விடுவதைக் கேட்கலாம். 

இந்த இசை மீது மூன்று ஆட்சேபங்கள் உண்டு. மிஷின் தாளம் கலைஞனின் சுதந்திரத்தைக் கொல்கிறது என்பது முதல் ஆட்சேபம். செவ்வியல் இசையமைப்பாளர் ராவெல் 1928இல் எழுதிய ‘பொலேரோ’வில் ஒரு சிறிய டிரம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே தாளத் துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. பேர்பெற்ற நடத்துநர் டாஸ்கனினி அதை வேகமாக நடத்தியபோது, ராவெல் அவரிடமே சண்டைக்குப் போனார். இயந்திரச் சீர்மை செவ்வியல் இசை தானே கேட்டு வாங்கிய வரம்! மின்னிசைக் கலைஞர்கள் கார்ல் கிரெய்க்கும் மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்டும் 2008இல் டாய்ச்சே கிராமஃபோன் என்ற செவ்வியல் இசை நிறுவனத்துக்காக, நடத்துநர் கரயான் நடத்திய ‘பொலேரோ’ பதிவையே எடுத்து மின்னிசையாக மாற்றியமைத்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இது வெறும் பின்னணிச் சத்தம் என்பது அடுத்த ஆட்சேபம். செவ்வியல் இசையமைப்பாளர் டெலிமான் 1733இல் வெளியிட்ட தொகுப்புக்கு விருந்து மேசை இசை என்றுதான் பெயர். நம் கல்யாண வீடுகளில் பந்தி நடக்கும்போது ஒலிக்கும் நாதஸ்வரத்தை யாரும் மட்டம் தட்டுவதில்லை. காது கொடுக்காமல் கேட்கலாம் என்பது ஒரு இசையின் குறையாகாது. காது கொடுத்தால் அதில் ஏதாவது இருக்கிறதா என்பதே கேள்வி. படைப்பாளியின் சம்மதமில்லாமல் அவர் படைப்பில் கை வைக்கிறார்கள் என்ற மூன்றாவது ஆட்சேபத்துக்கு என்னிடம் மறுப்பில்லை. வில்லியம் ஆர்பிட் 1995இல் செவ்வியல் படைப்புகளை மின்னிசையாக்கி வெளியிட்டபோது அவற்றை எழுதிய இசையமைப்பாளர்களில் ஆர்வோ பார்ட், ஹென்ரிக் கூரெட்ஸ்கி இருவரும் எதிர்த்தார்கள். ஆல்பம் திரும்பப் பெறப்பட்டது. உயிரோடிருக்கும் படைப்பாளி வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இந்த வகையில் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி சரக்கில்லாதது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டரில் விலைக்குக் கிடைக்கும் வயலின் துணுக்கை எடுத்து, நாலு சுற்றுக்கு ஒருமுறை ஒட்டிக்கொண்டே போவார்கள். வில் எங்கே திரும்பியது, யார் எங்கே அழுத்தினார் என்று எதுவும் இருக்காது. நல்லதைப் பிரித்தறிய ஒரு வழி: தாளம் நின்று தந்திகள் தனியே ஒலிக்கும் இடம் அநேகமாக எல்லாத் துண்டிலும் ஒன்று வரும். அங்கே அவற்றுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அது இசை, இல்லையென்றால் ஓட்டலுக்கே இருக்கட்டும். இனி ஒருமுறை இந்த வகை காதில் விழுந்தால், அன்றைக்கே ‘தி லவ் ஐ லாஸ்ட்’டையும் தேடிக் கேளுங்கள். யூடியூபில் கிடைக்கிறது.