பாக்கு மெல்பவர்களே உஷார்! கன்னத்தை இறுக்கும் செம்பு

செங்கல்பட்டு:

வாயை திறந்து உங்கள் மூன்று விரல்களை சேர்த்து நெட்டுவாக்கில் வைத்துப் பாருங்கள். தாராளமாக போனால் கவலை இல்லை. இரண்டு விரலுக்கே இடிக்கிறது, காரம் பட்டாலே வாய் எரிகிறது என்றால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். 'சப்மியூகஸ் பைப்ரோசிஸ்' எனப்படும் வாய் இறுக்க நோயாக இருக்கலாம். இது புற்றுநோய்க்கு முந்தைய நிலை.

கடலுக்கு போகும் மாமல்லபுரம் மீனவர் ஆனாலும், ராத்திரி வண்டி ஓட்டும் செங்கல்பட்டு டிரைவர் ஆனாலும் தூக்கம் வராமல் இருக்க பாக்கை ஒதுக்கிக் கொள்பவர்கள் உண்டு. புகையிலை சேர்ந்தால்தான் ஆபத்து என்பது அவர்கள் நினைப்பு. அது தப்பு. வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ம் ஆண்டு அறிக்கையிலேயே சொல்லி விட்டது.

செம்பு எப்படி வருகிறது?

மற்ற கொட்டைகளை விட பாக்கில் செம்பு அதிகம். போதாக்குறைக்கு, மழைக்காலத்தில் காய் அழுகாமல் இருக்க தோப்புகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறார்கள். மயில்துத்தம் என்பதே செம்பு உப்புதான்.

மெல்ல ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே செம்பு எச்சிலில் கலக்கிறது. கன்னத்து சதையில் உள்ள நார்களை ஒன்றோடு ஒன்று முடிச்சு போட 'லைசில் ஆக்சிடேஸ்' என்ற என்சைம் இருக்கிறது. அது வேலை செய்ய செம்பு தேவை. செம்பு கூடினால் அளவுக்கு மீறி முடிச்சு போடும். முடிச்சு விழுந்த நாரை உடம்பால் சுலபத்தில் கரைக்க முடியாது. கன்னம் அட்டை மாதிரி ஆகிவிடும். செம்பு மட்டும் குற்றவாளி இல்லை. பாக்கில் உள்ள 'அரிக்கோலின்' நாரை பெருக வைக்கிறது, செம்பு அதை இறுக்கி கட்டுகிறது.

நோயாளிகளின் ரத்தத்தை சோதித்த பல ஆய்வுகளில் செம்பு கூடியும், இரும்பு, துத்தநாகம் குறைந்தும் இருந்தது. காரம் சாப்பிட முடியாமல் ஆகாரம் குறைவதால் இரும்பு இன்னும் இறங்கும். அதற்காக சத்து மாத்திரை போட்டுக்கொண்டு பாக்கும் போடலாம் என்று கணக்கு பண்ணக்கூடாது. செம்பு குடத்து தண்ணீர் குடிப்பவர்கள் பயப்படவும் வேண்டாம். மணிக்கணக்கில் கன்னத்தில் ஒதுக்குவதுதான் பிரச்சினை.

கேரள மாநிலம் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோய் வந்த 66 பேரை 17 ஆண்டுகள் கண்காணித்தனர். அவர்களில் 5 பேருக்கு புற்றுநோய் வந்தது. இந்த முடிவு 1985-ம் ஆண்டு வெளியானது.

தமிழகத்தில் குட்கா, பான்மசாலாவுக்கு 2013-ம் ஆண்டு தடை வந்தது. 'மாவா' விற்பவர்களும் அவ்வப்போது போலீசில் சிக்குகிறார்கள். ஆனால் வெறும் பாக்குக்கு தடை கிடையாது. பள்ளிக்கூட பையன் காசு கொடுத்தாலும் கடையில் கிடைக்கும்.

இறுகிய கன்னம் முழுசாக பழையபடி ஆகாது. பாக்கை விட்டால் மேலும் இறுகாமல் தடுக்க முடியும். சந்தேகம் இருப்பவர்கள் செங்கல்பட்டு அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டலாம். வாயில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்பு படலம் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் தள்ளிப்போடவே கூடாது.