வேலையும் வாழ்வும் – 9: மடங்கிய விரல்கள்

மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதுதான் கோவிந்தப்ப வெங்கடசாமியின் ஆசை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை உருவாக்கி, ‘டாக்டர் வி’ என்று உலகம் முழுக்க அறியப்பட்ட அவர், கண் மருத்துவத்தைத் தேடிப் போனவர் அல்ல.

எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தார். விவசாயக் குடும்பம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காகிதம், பென்சில் எதுவும் கிடையாது. பிள்ளைகள் ஆற்று மணலை அள்ளிவந்து பரப்பி, விரலால் எழுதிப் படித்தார்கள். ஊரில் டாக்டரும் இல்லை. அவருக்குப் பத்து வயதாவதற்குள் உறவுப் பெண்கள் மூன்று பேர் பிரசவத்தில் இறந்துபோனார்கள். இப்படி இனி யாரும் சாகக் கூடாது என்ற எண்ணம் அந்தப் பையனின் மனதில் ஊன்றிவிட்டது. மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி என்று படித்து, 1944-ல் டாக்டரானார். ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

அங்கேதான் முடக்குவாதம் பிடித்தது. கை, கால் மூட்டுகள் வீங்கி, விரல்கள் கோணிப்போயின. மாதக்கணக்கில் படுத்த படுக்கை. 1948-ல் ராணுவத்திலிருந்து விடுவித்து அனுப்பிவிட்டார்கள். முப்பது வயதில் பேனாவைப் பிடிக்கவே கஷ்டப்பட்ட ஒருவர், நேரம் காலம் இல்லாமல் நின்று பிரசவம் பார்ப்பது நடக்கிற காரியமா? சிறுவயது முதல் சுமந்துவந்த ஆசை அத்தோடு முடிந்தது.

ஓரளவு எழுந்து நடமாட முடிந்ததும் மறுபடி மருத்துவக் கல்லூரிக்குப் போனார். இம்முறை கண் மருத்துவம். மடங்கிய விரல்களுக்குத் தோதாகக் கருவிகளை வடிவமைத்துக்கொண்டார். கத்தியைப் பிடிக்கப் பழகினார். கண்புரை அறுவை சிகிச்சையில் மயிரிழை பிசகினாலும் பார்வை போய்விடும். அந்த வேலையை, நேராக நீட்ட முடியாத விரல்களால், பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்து கைவசப்படுத்தினார். தன் வாழ்நாளில் அவர் செய்த கண் அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

இந்தத் தொடருக்கு இவரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. ‘பிடித்ததைச் செய்’ என்ற அறிவுரையைக் கேட்டுக் கேட்டு நம் பிள்ளைகள் நொந்துபோயிருக்கிறார்கள். கவுன்சலிங்கில் கேட்ட பிரிவு கிடைக்காவிட்டால் வாழ்க்கையே போய்விட்டதாக நினைக்கிறார்கள். நீட்டில் நாலு மார்க் குறைந்ததும் இடிந்துபோகிற வீடுகளை வருஷா வருஷம் பார்க்கிறோம். அந்த வலி பொய்யில்லை. அதைச் சின்ன விஷயம் என்று தள்ள நான் தயாராக இல்லை. ஆனால் வெங்கடசாமியின் வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மகப்பேறு என்பது அவர் படிக்க நினைத்த பிரிவின் பெயர். வைத்தியம் எட்டாததால் ஒருத்தர் வாழ்க்கை பாழாவதைச் சகிக்க முடியாத மனசு அதற்கு அடியில் இருந்தது. பிரிவு கைவிட்டுப் போனது. மனசு போகவில்லை. அதற்கு இன்னொரு வாசல் கிடைத்தது.

அந்த வாசலுக்குள் போனதும் உடனே பிடித்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். வேலையில் கை தேறத் தேறத்தான் அதன் மேல் பிடிப்பு வரும். மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவுக்குத் தலைவராகி, கிராமம் கிராமமாக முகாம் போடத் தொடங்கிய பிறகுதான் பிரச்னையின் அளவு அவருக்கு முழுதாகத் தெரிந்தது. அரிசியில் கல் பொறுக்க முடியாத பாட்டி, பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர் தெரியாமல் நிற்கும் பெரியவர், பேரன் கையைப் பிடித்தால்தான் வாசல்வரை வரக்கூடியவர். ‘வயசானா கண்ணு போகத்தானே செய்யும்’ என்று விதியை நொந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். புரை விழுந்த கண்ணுக்கு ஒரே ஒரு அறுவை சிகிச்சை போதும் என்பது அவர்களை எட்டவே இல்லை.

1976-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. வயது 58. மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனை தொடங்கியது. கட்ட முடிந்தவர்களிடம் கட்டணம், முடியாதவர்களுக்கு இலவசம். இரு தரப்புக்கும் பார்ப்பது அதே டாக்டர்கள். வங்கிகள் கடன் தராதபோது குடும்பத்து நகைகள் அடகுக்குப் போயின. தங்கை நாச்சியார், அவருடைய கணவர் நம்பெருமாள்சாமி இருவருமே கண் டாக்டர்கள். இருவரும் கூடவே வந்து சேர்ந்தார்கள்.

அறுவை அரங்கில் அவர்கள் கொண்டுவந்த ஏற்பாடு எளிமையானது. ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேஜை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் இன்னொரு நோயாளி தயாராக இருப்பார். இந்தக் கண் முடிந்ததும் சர்ஜன் அப்படியே திரும்பி அடுத்த கண்ணைத் தொடங்கலாம். மற்ற ஆயத்த வேலைகளை, கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்த பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். எத்தனையோ குடும்பங்களில் முதன்முதலாகச் சம்பளம் வாங்கியது அந்தப் பெண்கள்தான். இந்த மருத்துவமனையின் கதையை எழுதுகிறவர்கள் அவர்களுக்கு இன்னும் நிறைய இடம் ஒதுக்க வேண்டும்.

இலவசம் என்று சொல்லியும் பலர் வரவில்லை. ஏன் என்று விசாரித்தபோது பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, துணைக்கு வருகிறவரின் ஒரு நாள் கூலி என்று காரணங்கள் வந்தன. முகாமிலிருந்தே வண்டி வைத்து அழைத்து வந்து, சோறு போட்டு, சிகிச்சை முடிந்ததும் ஊரில் கொண்டுபோய் விட்டார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் ஏழைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1992-ல் மதுரையிலேயே ‘அரோலேப்’ என்ற லென்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கி, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விலைக்குச் செய்தார்கள். கண்ணுக்குள் லென்ஸ் இல்லாததால் சோடா புட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிய வேண்டிய நிலை அதன் பிறகு ஏழைகளுக்கும் மாறியது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெங்கடசாமி திருமணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய லட்சியத்தின் பாரத்தைக் கூடப்பிறந்தவர்களும் சுமந்தார்கள். ஆரம்ப வருஷங்களில் நீண்ட நேர உழைப்பு, குறைந்த சம்பளம். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல், தனி ஆளின் பிடிவாதத்தால் மட்டும் இது நடந்திருக்காது. லட்சியம் பேசும் இளைஞர்கள், அதன் விலையைத் தங்களோடு சேர்ந்து யார் கொடுக்கப்போகிறார்கள் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். அதைப் பேசாமல் இறங்குவது நியாயமில்லை.

2006 ஜூலையில் அவர் மறைந்தார். நாம் இன்று பேசுகிற பெரிய வேலை முழுவதும், ஊர் வழக்கப்படி ‘போதும், ஓய்வெடுங்கள்’ என்று சொல்லும் வயதுக்குப் பிறகு நடந்தது.

என்ன வேலை செய்வது, எதற்காக வாழ்வது என்று குழம்பிப்போயிருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலோ சொந்தத்திலோ கண் மங்கிப்போய் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். ஒரு நாள் லீவு போட்டு, பக்கத்தில் நடக்கும் கண் முகாமுக்கு அவரை அழைத்துப் போங்கள். கட்டு அவிழ்க்கிற அன்றும் கூட இருங்கள். துணைக்கு ஆள் இல்லாததால்தான் அவரைப் போன்ற பலர் இன்னும் வீட்டிலேயே இருக்கிறார்கள்.