குட்டிக் காருக்கு எந்த பெயிண்ட்?

பெண் பிள்ளை கோலம், பூ வேலை என்று எதிலாவது மனதைச் செலுத்தினால் மெச்சிக்கொள்கிறோம். ஆண் பிள்ளை ஒரு சின்னஞ்சிறு பிளாஸ்டிக் காரைப் பத்து நாள் உட்கார்ந்து ஒட்டி, தேய்த்து, வர்ணம் பூச பெயிண்ட் கேட்டால் மட்டும் "போய்ப் படிக்கிற வழியைப் பார்" என்று விரட்டுகிறோம். என்னைக் கேட்டால் அதுவும் நல்ல பழக்கம்தான். கை நிதானப்படும், கைப்பேசியும் சற்று நேரம் கீழே இறங்கும். ஆனால் அந்த பெயிண்ட் இருக்கிறதே, அதுதான் தாய்மார்களுக்குச் சோதனை. பணப்பையையும் பதம் பார்க்கும், பிள்ளையின் நெஞ்சையும் பதம் பார்க்கும்.

எங்கள் வீரகேரளம்புதூரில் பள்ளிக்கூட வாட்டர் கலர் கிடைக்கும். சுரண்டைக்குப் போனால் துணியில் பூசும் பெயிண்ட் கிடைக்கும். தென்காசிக்குப் போனால் கதவுக்கும் கம்பிக்கும் அடிக்கிற எனாமல், டப்பா டப்பாவாகக் கிடைக்கும். ஒன்பதாவது படிக்கும் என் மகன் கேட்டதோ ஏர்பிரஷ் பெயிண்ட். ஏர்பிரஷ் என்பது பேனா மாதிரி ஒரு கருவி. மேலே சின்னக் கிண்ணம், உள்ளே ஓர் ஊசி. காற்றை அழுத்தினால் 0.3 மில்லிமீட்டர் ஓட்டை வழியாக பெயிண்ட் பனி போலத் தூவும். ஜப்பானின் டாமியா கம்பெனி 10 மில்லி சீசாவிலும், ஸ்பெயின் நாட்டு வயேஹோ கம்பெனி சின்னச் சீசாவிலும் இதற்கு ஏற்ற மாடல் பெயிண்ட் விற்கிறார்கள். தபாலில் வரவழைத்தால் ஒரு சீசா முந்நூறு ரூபாயை ஒட்டி வருகிறது. ஒரு காருக்கு ஐந்தாறு நிறம் வேண்டுமென்றால் எங்கள் வீட்டுப் பால் கணக்கே அதில் போய்விடும்!

என் கொழுந்தனார் கார் பட்டறையில் பெயிண்டர். விஷயம் கேள்விப்பட்டதும் சிரித்தார். "என்ன மதினி, இதுக்குப் போயி முந்நூறு கொடுப்பாகளா? பட்டறையில மிச்சம் விழுற பெயிண்டே கிடக்கு. ஒரு கிண்ணம் கொண்டாந்து தாரேன், நல்லா அடிச்சுக்கிடட்டும்" என்றார். மாமியாருக்கும் அது நியாயமாகப் பட்டது. சும்மா வருவதை விடுவானேன்?

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொழுந்தனாருக்கு முகம் சுருங்கியதுதான். ஆனால் என் மகன் சின்ன வயதில் இளைப்பு வந்து இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவன். நிஜக் காருக்கு அடிக்கிற பெயிண்டில் கெட்டிப்படுத்தும் திரவம் ஒன்றைக் கலக்கிறார்கள். அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. பெயிண்டர்களுக்குத் தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு அது பெரிய காரணம். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு கொஞ்சம் சுவாசித்தாலும் மூச்சு முட்டும். வெளியிலிருந்து குழாய் மூலம் நல்ல காற்று வரும் முகமூடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. நாலு சுவருக்குள், பாயில் உட்கார்ந்து ஒரு பிள்ளை செய்கிற வேலை அல்ல.

ஈயம் இன்னொரு விஷயம். வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டிலும் அலங்கார பெயிண்டிலும் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் (பத்து லட்சத்தில் 90 பங்கு) இருக்கக் கூடாது என்று 2016-ல் மத்திய அரசு விதி செய்தது. 2017 நவம்பர் 1 முதல் அமல். தொழிற்சாலை வகை பெயிண்டுகள் இந்த விதிக்குள் வருவதில்லை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே அதற்குக் கிடையாது. தரையில் தவழ்கிற கைக்குழந்தை உள்ள வீட்டில் பரண் மேலிருக்கும் பழைய டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

பயம் இருக்கட்டும். அழகுக்கும் அந்தப் பட்டறை பெயிண்ட் உதவாது. மகன் கட்டும் கார் 1/24 அளவு; நிஜக் கார் 12 அடி என்றால் இது அரை அடி. அதன் மேல் கால் மில்லிமீட்டர் கனத்துக்கு பெயிண்ட் ஏறினால், நிஜக் காரில் 6 மில்லிமீட்டர் கனத்துக்கு அப்பிய மாதிரி! கதவின் கோடு, கைப்பிடி எல்லாம் மூடிப்போகும். மினுமினுப்புக்குச் சேர்க்கும் உலோகத் தூளும் அந்தக் கணக்கில் சரிகை உதிர்த்தது போலத் தெரியும். போதாததற்கு அதில் கலக்கும் தின்னர் பிளாஸ்டிக்கையே அரித்து இளக்கிவிடும். இதைச் சொன்னபோதுதான் கொழுந்தனார், "அது வாஸ்தவந்தான் மதினி" என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு என்னதான் வழி? தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்ட்தான். நம் ஊர்க் கைவேலை அக்ரிலிக், 15 மில்லி சீசா முப்பது நாற்பது ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. விலை வித்தியாசம் ஏன் தெரியுமா? ஏர்பிரஷ் பெயிண்டில் நிறப்பொடியை மிக நைஸாக அரைத்து, தூவும் பதத்துக்கு இளக்கியே அடைக்கிறார்கள். கைவேலை பெயிண்ட் கெட்டி, பொடியும் சற்று நறநற. அப்படியே ஊற்றினால் ஊசி அடைத்துக்கொள்ளும். தண்ணீர் விட்டு, ஆடை நீக்கிய பால் பதத்துக்குக் கரைத்து, பழைய மல் துணியை இரண்டாக மடித்து வடிகட்டினால் முக்கால்வாசித் தொல்லை தீர்ந்தது. மாவு சலிக்கத் தெரிந்த நமக்கு இது ஒரு வித்தையா! காற்றழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும். ஒரே பூச்சில் நிறம் கொண்டுவர ஆசைப்படாமல், மெல்லிசாக நாலைந்து பூச்சு, நடுநடுவே காய விட்டு.

எல்லாவற்றுக்கும் மலிவுச் சரக்கு போதும் என்று சொல்லமாட்டேன். பிளாஸ்டிக்கில் பிடிப்பதற்கு முதலில் பூசும் பிரைமர், வெள்ளை, கடைசிப் பளபளப்புக்கு நிறமில்லாப் பூச்சு – இந்த மூன்றையும் நல்லதாக வாங்கிவிடுங்கள். மலிவு வெள்ளை அடியை மூடவே மூடாது. மற்ற நிறங்களைச் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு கொண்டு பிள்ளையே கலந்து கொள்ளட்டும். மாதம் ஒரு சீசா என்பது எங்கள் வீட்டு ஒப்பந்தம். தீப்பிடிக்கும் தின்னர், லாக்கர் வகையறாவைத் தபாலில் அனுப்ப அனுமதி கிடையாது. ஆர்டர் செய்யும் முன் தண்ணீர் வகைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வெள்ளோட்டம் விலை உயர்ந்த மாடலில் வேண்டாம். என் மாமனார் தென்காசியில் அம்பாஸிடர் டாக்ஸி ஓட்டியவர். கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. 2014-ல் அம்பாஸிடர் உற்பத்தியே நின்றுபோனது. பொம்மைக் கடையில் வாங்கிய ஒரு பிளாஸ்டிக் அம்பாஸிடரைத்தான் மகன் தாத்தாவின் வண்டியாக மாற்றினான். கூரை இரண்டு தடவை திட்டுத்திட்டாக வந்தது. கழுவித் தேய்த்து மூன்றாம் தடவை அடித்தான். இப்போது அது மாமியாரின் மருந்து டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. யாரையும் தொடவிடுவதில்லை அவர்!

தண்ணீர் பெயிண்ட்தானே என்று மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு அடிக்கக் கூடாது. தூவல் நேரே நுரையீரலுக்குப் போகும். சீசாவில் 'நஞ்சற்றது' என்று போட்டிருப்பது தூரிகையால் பூசுவதற்குச் சொன்னது. காட்மியம் என்று எழுதியிருந்தால் தூவவே வேண்டாம். கொரோனா காலத்து என்-95 முகக்கவசம் தண்ணீர் பெயிண்டின் தூவலைத் தடுக்கும். தின்னர் ஆவியைத் தடுக்காது. கைக்குட்டை கட்டிக்கொள்வதில் பிரயோஜனமே இல்லை. ஜன்னல் பக்கமாக, காற்று வெளியே போகும் திசையில் உட்கார வைக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் காற்றுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் கட்டும்போது இங்கும் ஈரக்காற்று வீசும். பூச்சு லேசில் காயாது. வீச்சில் வரும் தூசியும் ஒட்டிக்கொள்ளும். மாசி, பங்குனியில் காலை எட்டு மணிக்கு மேல் அடித்தால் கண்ணாடி போல வருகிறது. சாரல் மாதங்களில் ஒட்டுகிற வேலை, தேய்க்கிற வேலை வைத்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் ஊசியைக் கழற்றி அன்றைக்கே கழுவிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் புது முனைதான் வாங்க வேண்டியிருக்கும். கழுவுகிற தண்ணீர் அடுப்படித் தொட்டியில் வேண்டாம். பெயிண்ட் கலக்கிய கிண்ணமும் கரண்டியும் திரும்பச் சமையலுக்கு வரக் கூடாது. நான் அவற்றின் அடியில் சிவப்புப் புள்ளி வைத்துத் தனி டப்பாவில் போட்டிருக்கிறேன்.