பழைய டிராக்டரின் ஸ்டார்ட்டர் ஏன் சுழல்வதில்லை?

டிராக்டர் கடன்கள் எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றன என்பதைக் கண்டறியும் பொருட்டு, சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நவம்பர் மாதத்தில் அரியானா மாநிலத்தின் கர்னால் மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். நெல் அறுவடை முடிந்து, கோதுமை விதைப்புக்காக நிலத்தைப் பண்படுத்தும் நேரம் அது. ஒரு விவசாயியின் வீட்டு முற்றத்தில் பழைய டிராக்டர் ஒன்று அசையாமல் நின்றிருந்தது. அதற்கு முந்திய ஒரு மாதத்திற்குள் அவர் ஸ்டார்ட்டரை மாற்றியிருந்தார். புதிய பேட்டரியும் வாங்கியிருந்தார். அப்படியிருந்தும், சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒலி மட்டுமே எழுந்தது. பேட்டரியில் குறையில்லை என்பதற்குச் சான்றாக அவர் முகப்பு விளக்கைப் போட்டுக் காட்டினார். அது பளிச்சென்று எரிந்தது.

இத்தகைய நிறுத்தம் ஓர் உழவரின் சொந்தச் சங்கடம் மட்டுமன்று. 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் சராசரி நில உடைமை 1.08 ஹெக்டேர். இவ்வளவு சிறிய நிலத்துக்கெனத் தனி டிராக்டர் வைத்துக்கொள்வது பெரும்பாலோர்க்கு இயலாது. ஆகவே, ஒருவரிடமுள்ள டிராக்டர் அண்டை நிலங்களிலும் வாடகைக்கு உழுகிறது. அது நின்றால் பலருடைய விதைப்பு தள்ளிப்போகிறது. நிலத்தடி நீரைக் காப்பதற்காகப் பஞ்சாபும் அரியானாவும் 2009இல் இயற்றிய சட்டங்கள், நெல் நடவை ஜூன் மாதத்துக்குத் தள்ளின. அந்நடவடிக்கை தேவையானதே. எனினும் அதன் விளைவாக, நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடைப்பட்ட காலம் சுருங்கிவிட்டது. நவம்பர் நடுப்பகுதிக்குப் பின் விதைத்த கோதுமை, மணி பிடிக்கும் பருவத்தில் மார்ச் மாத வெப்பத்துக்கு ஆளாகி விளைச்சல் குன்றும்.

இங்கே பழைய டிராக்டர்களுக்குக் குறைவில்லை. 1959இல் பரீதாபாத்தில் உள்நாட்டு டிராக்டர் உற்பத்தி தொடங்கியது. பின்னர் 1971இல் பிஞ்சோரில் எச்.எம்.டி. நிறுவனமும், 1974இல் பஞ்சாபில் சுவராஜும் டிராக்டர் உற்பத்தியைத் தொடங்கின. எச்.எம்.டி.யின் டிராக்டர் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016இல் ஒப்புதல் அளித்தது. ஆனால் அதன் டிராக்டர்கள் வயலைவிட்டுப் போய்விடவில்லை. இவற்றின் என்ஜின் பல்லாண்டு உழைக்கும். முதலில் தளர்வது மின் இணைப்புகளே.

விளக்கு தரும் பொய்ச் சான்று

விளக்கு எரிவதால் பேட்டரியும் கம்பிகளும் சீராக உள்ளன என்று கருதுவதே பெரும்பாலான வீண் செலவுகளுக்கு அடிப்படையாகும். ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். முகப்பு விளக்குக்கு வேண்டிய மின்னோட்டம் சுமார் 4 ஆம்பியர். டீசல் என்ஜினைச் சுழற்றும் ஸ்டார்ட்டரோ 200 ஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கும். பேட்டரி இணைப்பு ஒன்றில் துருவினால் நூறில் ஒரு பங்கு ஓம் அளவுக்கு மின்தடை ஏற்பட்டுள்ளது என்று கொள்வோம். விளக்கின் மின்னோட்டம் அதைக் கடக்கையில் இழப்பது 0.04 வோல்ட், கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் அதே தடையைக் கடக்கையில் இழப்பது 2 வோல்ட். இத்தகைய இணைப்புகள் இரண்டு இருந்தால் 12 வோல்ட் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே கரைந்துவிடும். ஆகவே விளக்கைப் போட்டுவிட்டு, சாவியைத் திருப்பும்போது அதற்கு என்ன நேர்கிறது என்று பார்க்க வேண்டும். விளக்கு அடியோடு மங்கினால் பேட்டரி வலுவிழந்திருக்கலாம், அதன் முனை இணைப்பில் தடை இருக்கலாம், அல்லது ஸ்டார்ட்டர் உள்ளே இறுகியிருக்கலாம். மங்காமலே இருந்தால் மின்சாரம் ஸ்டார்ட்டரைச் சென்றடையவில்லை என்று பொருள்.

அடுத்து, ஒலியைக் கேட்க வேண்டும். 'டக்' என்று ஒருமுறை ஒலித்து நின்றால் சொலினாய்டு வேலை செய்கிறது. அதன் உள்தொடுமுனைகளோ, பெரிய கம்பிகளின் இணைப்புகளோ பழுதாகியிருக்கலாம். படபடவென்று தொடர்ந்து ஒலித்தால் பெரும்பாலும் பேட்டரியில் மின்னேற்றம் போதவில்லை. ஒலியே இல்லையெனில் சாவி சுவிட்ச், அதன் மெல்லிய கம்பி, கியர் நடுநிலையில் இருந்தால் மட்டுமே மின்சாரத்தை அனுமதிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் ஆகியவற்றைச் சோதிக்கலாம். ஸ்டார்ட்டர் விர்ரென்று சுழன்றும் என்ஜின் அசையாவிடில் கோளாறு மின்சாரத்தில் இல்லை. பினியனிலோ பிளைவீல் பல்வளையத்திலோ உள்ளது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிறுத்தப்படும் என்ஜின், அழுத்தத்தின் காரணமாக எப்போதும் குறிப்பிட்ட சில நிலைகளிலேயே வந்து நிற்கும்: நான்கு சிலிண்டர் என்ஜின் இரண்டு இடங்களில், மூன்று சிலிண்டர் என்ஜின் மூன்று இடங்களில். எனவே பல்வளையமும் அந்த இடங்களில் மட்டுமே தேய்கிறது. என்ஜினைச் சற்றே கையால் திருப்பிவிட்டால் ஸ்டார்ட்டர் பிடித்துக்கொள்வதன் காரணம் இதுவே.

எர்த் கம்பியின் பங்கு

பேட்டரியின் நேர்முனையிலிருந்து செல்லும் கம்பியை எல்லோரும் கவனிக்கிறார்கள். மின்சாரம் திரும்பி வரும் வழியான எர்த் கம்பியை எவரும் பார்ப்பதில்லை. சேறும் எண்ணெயும் படிந்த கியர் பெட்டியில் ஒரு போல்ட்டின் கீழ் அது மறைந்து கிடக்கிறது. அதைச் சோதிப்பது எளிது. கியரை நடுநிலையில் வைத்து, தடித்த கம்பி ஒன்றால் பேட்டரியின் எர்த் முனையை நேரே என்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியுடன் இணைத்துவிட்டு, இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட்டர் சுழன்றால் குற்றம் எர்த் கம்பியுடையது. மீட்டர் வைத்திருப்போர், எரிபொருளை நிறுத்தும் குமிழை இழுத்துவைத்துச் சாவியைத் திருப்பியபடி, பேட்டரியின் எர்த் முனைக்கும் ஸ்டார்ட்டர் உடலுக்கும் இடையே அளக்கலாம்; அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வழியில் தடை உள்ளது. ஒருமுறைக்குப் பத்து விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரை ஓட்டலாகாது.

பேட்டரியைப் பொறுத்தவரை, ஓய்வில் 12.6 வோல்ட் அளவு இருப்பது நிறைந்த மின்னேற்றத்தைக் குறிக்கும்; ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் பேட்டரியை ஐயுறலாம். ஆனால் புதிய பேட்டரியும் சில வாரங்களில் தளர்ந்துபோகுமாயின், பழுது அதை மின்னேற்றும் பகுதியில் இருக்கக்கூடும். பழைய டிராக்டர்களில் உள்ள டைனமோ, என்ஜின் மெதுவாக ஓடும்போது மின்னேற்றுவதில்லை. வார் தளர்ந்திருந்தால் வேகமாக ஓடும்போதும் பயனில்லை. மேலும் சில பழைய மாதிரிகளில் பேட்டரியின் நேர்முனையே எர்த்துடன் இணைக்கப்பட்டிருக்கும். அதை அறியாமல் ஆல்டர்னேட்டரைப் பொருத்தினால் அதன் டையோடுகள் நொடியில் எரிந்துவிடும்.

ஓடத் தொடங்கிய பழைய டீசல் என்ஜினுக்கு மின்சாரம் தேவையில்லை என்பது ஒரு வகையில் கெடுதலாகவே முடிகிறது. டிராக்டரை மேட்டில் நிறுத்திவைத்து உருட்டிக் கிளப்புவது வழக்கமாகிவிட, பழுது பல மாதங்கள் அப்படியே விடப்படுகிறது. மேடு இல்லாதவர்கள், உணவு வேளையிலும் என்ஜினை நிறுத்துவதில்லை. வெறுமனே ஓடும் என்ஜின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். டீசலைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்று நாம் எழுதும் சுற்றறிக்கைகளில் துருப்பிடித்த எர்த் போல்ட் இடம்பெறுவதில்லை!

இதைவிடக் கொடியது, தரையில் நின்றுகொண்டு திருப்புளியால் ஸ்டார்ட்டர் முனைகளை இணைத்துக் கிளப்பும் பழக்கம். இதனால் பாதுகாப்பு சுவிட்ச் பயனற்றுப்போகிறது. டிராக்டர் கியரில் இருந்தால், கிளம்பிய கணமே பாய்ந்து பின்சக்கரத்தால் அவரையே நசுக்கிவிடும். அவ்வாறு உயிரிழந்தோர் உண்டு. பேட்டரியில் வேலை செய்கையில் எர்த் கம்பியை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு ஒரு பொறியில் வெடிக்கக்கூடியது.

இச்சோதனைகளைக் கற்க நெடும் படிப்பு வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955இலும், ஹிசாரில் 1963இலும், ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் 1983இலும் நிறுவப்பட்ட மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையங்கள் விவசாயிகளுக்கே பயிற்சி அளித்து வருகின்றன. டிராக்டருக்குக் கடன் வழங்கும் வங்கிகள், கடனாளியை அங்கு ஒரு வாரம் அனுப்பிவைக்கலாம் என்பது என் கருத்து. தவணை தவறுவதற்கான காரணங்களில் ஒன்றாவது குறையும்.

கர்னால் மாவட்டத்து முற்றத்தில், எங்களுடன் வந்த வேளாண் பொறியாளர் எர்த் போல்ட்டைக் கழற்றி, அதன் அடியிலிருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து மீண்டும் முடுக்கினார். அரை மணி நேரத்தில் டிராக்டர் கிளம்பிவிட்டது. கழற்றிப் போட்ட பழைய ஸ்டார்ட்டர் கொட்டகை மூலையில் கிடந்தது. அதை எடுத்துவந்து மரக்கட்டையில் இறுகக் கட்டி, பேட்டரியுடன் இணைத்துப் பார்த்தார். அதுவும் நன்றாகவே சுழன்றது.