கழுத்தைத் திருகக் கொடுக்கலாமா?

பற்றைக் காணியை வெட்டித் துப்புரவாக்கி, தூர்ந்த கிணற்றை இறைத்து, மீண்டும் தோட்டம் செய்யும் குடும்பங்களைச் சந்திக்கும்போது நாம் மழையைப் பற்றிக் கேட்கிறோம். அவர்களோ நாரிப்பிடிப்பைப் பற்றிச் சொல்கிறார்கள். 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தை விட்டு இளைஞராய்ப் புறப்பட்டவர்கள் இன்று ஐம்பதையும் அறுபதையும் தாண்டிவிட்டனர். வேலை மட்டும் அன்றைய வேலைதான்.

உளுக்கு என்றால் எண்ணெய் தடவுவதும், முறிவு என்றால் ஒட்டகப்புலம் போவதும் எமது வழக்கம். அவ்வூரவரும் எம்மைப் போல 1990இல் இடம்பெயர்ந்தவர்களே. பரம்பரை வைத்தியத்தை இழித்துப் பேச நாம் வரவில்லை. கட்டுப் போட்டபின் விரல்கள் குளிர்ந்து, நீலம் பாரித்து, மரத்துப்போனால் மட்டும் விடியும்வரை பொறுத்திராமல் கட்டைத் தளர்த்தி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் கைத்தொலைபேசியில் காட்டுகிறார்கள்: கழுத்தை ஒரு வெட்டு வெட்டித் திருப்ப, ‘டக்’ என்று சத்தம். இதற்குக் கைரோபிராக்டிக் என்று பெயர். 1895இல் அமெரிக்காவின் டவன்போர்ட் நகரில் பாமர் என்பவர் தொடக்கியது. கனடாவில் இதனை ஆண்டுக்கணக்காகப் படித்து, பதிவு பெற்றே செய்யலாம். இங்கோ அதைப் பார்த்துப் பழகியவர்களும், முடிவெட்டியபின் நெட்டி முறிக்கும் சலூன்காரரும் செய்கிறார்கள். ‘டக்’ என்பது எலும்பு இடத்துக்கு வந்த சத்தமன்று; மூட்டு நீரிலுள்ள வாயுவின் சத்தமே.

கழுத்தெலும்புகளின் இருபக்கத் துளைகளூடாக இரண்டு இரத்தக்குழாய்கள் மூளையின் பின்புறத்துக்குச் செல்கின்றன. சடுதியாகத் திருகும்போது குழாயின் உட்சுவர் கிழியலாம். அங்கே இரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பாரிசவாதம். இது மிக அரிது. குழாய் முன்பே கிழிந்ததால் கழுத்து நொந்து வந்தவர்களும் இருக்கலாம் என்று மருத்துவர்கள் வாதிடுகிறார்கள். எனினும் 1996இல் ரொறன்ரோவில் கழுத்துச் சிகிச்சையின்பின் இறந்த ஒரு பெண்ணின் மரண விசாரணையில், 2004இல் ஜூரிமார் தற்செயல் மரணம் என்றே முடிவு கூறினர். படித்தவர் கையிலேயே இந்த வாதம் என்றால், பார்த்துப் பழகியவர் கையில் கழுத்தைக் கொடுப்பானேன்?

நாரியின் கதை வேறு. பயின்றவரின் கைச்சிகிச்சை சாதாரண நாரி நோவுக்கு ஓரளவு உதவும்; ஓரிரு நாள் நோவு கூடுவது வழமை. ஆயினும் எலும்பு தேய்ந்த முதியோர், காய்ச்சலோடு முதுகு நோவுள்ளோர், காசநோய், புற்றுநோய் கண்டோர் முதுகை நெரிக்கவிடக் கூடாது. பனையிலிருந்து விழுந்தவரைத் தூக்கி நிமிர்த்தவே வேண்டாம். பலகையில் அசையாமல் கிடத்திக் கொண்டு செல்லுங்கள். இரண்டு கால்களும் சோர்ந்து, தொடையிடுக்கு மரத்து, சிறுநீர் கழிக்க முடியாமற் போனால் அது எண்ணெய்க்குரிய நோயன்று.

கழுத்தைத் திருகியபின், சில நாள் கழித்தாயினும், பிடரியில் கடும் நோவு, தலைச்சுற்று, இரட்டைப் பார்வை, நாக்குழறல், தள்ளாட்டம் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகிலேயே ஒரு மணித்தியாலம் போய்விடும். பின் புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம். ஆகவே உடனே உள்ளூர் வைத்தியசாலையை நாடுங்கள். தரைவழியுள்ள ஊரவர் இலவச அம்புலன்சை அழைக்கலாம். அதன் எண் 1990, எமக்கு மறக்கவே முடியாத எண். யார் கழுத்தைத் திருகினார், எத்தனை மணிக்கு என்பதை டொக்டரிடம் மறையாது சொல்லுங்கள். ஏசுவார் என்று பயந்து ஒளித்தவர்களை நாம் அறிவோம்.