இரும்பொலிக்குள் ஒரு பழைய தாளம்

செவிக்கு இனிமை பயப்பது இசை, பயவாதது இரைச்சல். நம்மிற் பலர் வைத்திருக்கும் அளவுகோல் இதுவே. நாமும் நெடுங்காலம் இதனையே கைக்கொண்டிருந்தோம். அதனைக் கீழே வைக்கச் செய்தவன் எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன்.

ஒருநாள் ஓய்வு வேளையில் அவன் ‘ஹெவி மெற்றல்’ எனப்படும் மேனாட்டு இசையைக் கேட்டுக்கொண்டிருந்தான். “தம்பி, இதுவும் ஓர் இசையா? தகரக் கூரையிற் கல்லெறிந்தாற் போலன்றோ இருக்கின்றது!” என்றோம். அவன் முகஞ் சுளிக்கவில்லை. “ஐயா, மற்றவற்றை விடுங்கள். தாளத்தை மட்டும் ஒருமுறை கேளுங்கள்” என்றான். கேட்டோம். இளமையில் மிருதங்கம் சிறிது பயின்ற எமது விரல்கள் மேசைமீது தாமாகவே தாளமிட்டன. அவை இட்டது விறைப்பான நேர்நடையன்று; திஸ்ரத்தின் சாயலுடன் அசைந்து செல்லும் ஒரு நடை. இரும்பொலிக்குள் இந்த அசைவு எங்ஙனம் புகுந்தது? அவ்வினாவே எம்மை இவ்விசையின் வரலாற்றைத் தேடிப் படிக்கச் செய்தது.

அந்நடையை அறிதல் எளிது. ஒரு தட்டினை மூன்று கூறாக்கித் ‘தகிட, தகிட’ என்று சொல்லிப் பாருங்கள். பின்னர் ‘த’வையும் ‘ட’வையும் ஒலித்து, இடையிலுள்ள ‘கி’யை மௌனமாக விடுங்கள். நெடிலும் குறிலும் மாறி மாறி வருவது போன்ற ஓர் ஓட்டம் பிறக்கும். ஜாஸ் இசைஞர் இதனைச் ‘சுவிங்’ என்பர். புளூஸ் இசைஞர் ‘ஷஃபிள்’ என்பர். கணக்கிற் சிறிது நெகிழ்ந்து, வேகத்துக்கேற்ப நீட்டியும் குறுக்கியும் வாசிப்பதே அதன் உயிர்.

இந்நடையை உலகுக்கு ஈந்தவர் அமெரிக்காவின் கறுப்பின மக்கள். 1865ஆம் ஆண்டில் அடிமைத்தளை சட்டத்தால் நீங்கிய பின்னரும் வறுமையும் அவமதிப்பும் அவர்களை விட்டகலவில்லை. தென்மாநிலங்களின் பருத்தி வயல்களுக்கிடையே அவர்தம் துயரம் புளூஸ் ஆயிற்று. நியூ ஓர்லியன்ஸ் நகரில் அவர்தம் கலைத்திறன் ஜாஸ் ஆயிற்று. பிழைப்புத் தேடி அவர்கள் வடக்கே சென்றபோது இசையும் உடன்சென்றது. 1943இல் மிசிசிப்பியிலிருந்து சிக்காகோவுக்குச் சென்ற மடி வோட்டர்ஸ், நகரின் ஆரவாரத்துக்கு மேலாகத் தம் இசை கேட்கவேண்டி மின்சாரக் கிற்றாரைக் கையிலெடுத்தார். 1958இல் அவர் இங்கிலாந்துக்குச் சென்று வாசித்தார். அடுத்த சில ஆண்டுகளில் அந்நாட்டு இளைஞர் பலர் புளூஸ் இசைத்தட்டுகளையே பாடநூல்களாகக் கொண்டனர்.

அவ்விளைஞருள் நால்வர் பேர்மிங்ஹாம் நகரின் அஸ்ரன் பகுதியைச் சேர்ந்தவர்கள். தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுள் ரொனி அயோமி என்பவர் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தார். 1965இல், பதினேழு வயதில், அவ்வேலையை விட்டு விலகவிருந்த இறுதி நாளன்று, இயந்திரம் அவரது வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளைத் துண்டித்துவிட்டது. இடக்கைப் பழக்கமுடைய அவருக்குக் கிற்றார்த் தந்திகளை அழுத்தும் கை அதுவே. இனி வாசிக்க இயலாதென்று மனமுடைந்திருந்தவரிடம் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் ஜாஸ் மேதையின் வாசிப்பு. 1928இல் நேர்ந்த தீவிபத்தில் இடக்கை விரல்கள் இரண்டு செயலிழந்த பின்னர், எஞ்சிய விரல்களைக் கொண்டே புகழெய்தியவர் அவர்.

கேட்ட இளைஞர் எழுந்தார். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்தார். அதன்மேல் தோல் ஒட்டினார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். 1971இல் சில பாடல்களுக்குத் தந்திகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தினார். அத்தளர்வால் ஒலி மேலும் ஆழ்ந்து கனத்தது. ஹெவி மெற்றலின் தனி அடையாளமாகிய அக்கனத்தின் பின்னே ஒரு காயமும் ஒரு ஜாஸ் இசைத்தட்டும் இருக்கின்றன.

1968இல் தொடங்கியபோது அக்குழுவின் பெயரிலேயே ‘புளூஸ்’ என்ற சொல் இருந்தது. மறு ஆண்டில் அது ‘பிளக் சபத்’ ஆயிற்று. முரசு வாசித்த பில் வோர்ட், ஜீன் குரூப்பா, படி ரிச் ஆகிய ஜாஸ் முரசுக் கலைஞரைக் கேட்டு வளர்ந்தவர். வெறுமனே காலம் காட்டாமல், கிற்றாருக்கு மறுமொழி கூறுவதுபோல் அவர் வாசித்தார். 1969 ஒக்ரோபர் 16ஆம் திகதி, ஒரே நாளில், இலண்டனில் முதல் இசைத்தட்டின் பாடல்களைப் பதிவுசெய்தனர். அக்காலப் பாடலாகிய ‘விக்கட் வேர்ள்ட்’ தொடங்கும்போது தாளத்தகடுகளில் எழுவது தெளிவான ஜாஸ் நடை. எம் விரல்களை அசைத்ததும் அதுவே. ‘த விஸார்ட்’ பாடலில் புளூஸ்காரரின் ஹார்மோனிக்கா ஒலிக்கின்றது. பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் ‘வோர்னிங்’ என்பதோ வேறொரு புளூஸ் குழுவின் பாடல். அதனிடையே அயோமி கற்பனைச் சுரம் பாடுவார்போல் நெடுநேரம் தனித்து வாசிக்கின்றார்.

கடன் வாங்கியவர்கள் யாவரும் கடன்கொடுத்தவர் பெயரைச் சொன்னார்களா என்றால், இல்லை. ‘லெட் செப்பெலின்’ குழு 1969இல் வெளியிட்ட புகழ்பெற்ற பாடலொன்றில் சிக்காகோ புளூஸ் கவிஞர் வில்லி டிக்சனின் வரிகள் கலந்திருந்தன; அவர் பெயர் இருக்கவில்லை. 1985இல் அவர் வழக்குத் தொடுத்தார். 1987இல் இணக்கம் ஏற்பட்டது. அவர் பெயரும் பாடலுடன் சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது.

பிற்காலத்தில் இவ்விசையின் கிளைகள் பலவற்றில் வேகம் மிகுந்தது, அசைவு குறைந்தது. ஆயினும் 2025 யூலை 5ஆம் திகதி, அஸ்ரனில் உள்ள விளையாட்டரங்கில் அந்நால்வரும் இறுதிமுறையாக ஒன்றுகூடி வாசித்தனர். முரசின் முன் முதியவராய் அமர்ந்திருந்தவர் அதே பில் வோர்ட். பதினேழு நாட்களின் பின் பாடகர் ஒசி ஒஸ்போர்ன் காலமானார்.

பெற்றோரே, பிள்ளைகள் கேட்பதெல்லாம் உங்களுக்குப் பிடிக்கவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. எமக்கும் இவ்விசையில் பாதி இன்னும் பிடிபடவில்லை. ஆயினும் ‘இரைச்சல்’ என்று தீர்ப்புக் கூறுமுன் ஒருமுறை அருகில் அமர்ந்து கேளுங்கள். மாணவரே, நீங்கள் விரும்பும் இசையின் வேரையும் தேடுங்கள். அதற்காக வியர்வையும் கண்ணீரும் சிந்தியவர் பெயரை அறிந்துகொள்ளுங்கள். எமக்கு அவ்வழியைக் காட்டியவன் ஒரு மாணவன். ஆசிரியராகிய நாம் அவனிடம் பட்ட கடனை இங்கே சொல்லிவிட்டோம்.